திரும்பி நின்ற பொக்லைன்

விக்கிரமங்கலம்
20-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை தமிழ்மொழி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியம். அங்கே குளிர் எப்படி, சாப்பாடு எப்படி, காது கொஞ்சமாவது கேட்கிறதா என்று எழுதுங்கள். செல்போன் டவர் எட்டாத அருணாசலப் பிரதேசத்து மலையில் ரோடு போடப் போய்விட்டீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரிசி லாரி வந்தால்தான் தபாலும் வரும் என்கிறீர்கள். இங்கே தபாலாபீசில் கவர் கேட்டால் அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

நீங்கள் சம்மதித்தபடி, இரண்டு வருடமாகப் படுதாவுக்குள் கிடந்த உங்கள் பொக்லைனை வெளியே எடுத்துவிட்டோம். ராஜதுரை என்ற ஆபரேட்டர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது. மிஷினை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் விவரமாக எழுதினால் நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயம். உங்களிடம் ஹெல்பராக இருந்த மாயவன் அண்ணனின் சம்சாரம் பச்சையம்மாள் அக்கா வந்திருந்தார். மகள் வினோதினிக்குப் பெரம்பலூரில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. தை கடைசியில் முகூர்த்தம். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு கேள்வி கேட்டுவிட்டாராம். "பொண்ணோட அப்பா இருக்காருன்னா வந்து தாரை வார்க்கட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, பத்திரிகையில அமரர்னு போட்டுக்கறோம். ரெண்டுங்கெட்டானா நிக்க வேணாங்க." இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போன மாயவன் அண்ணன், திருப்பூருக்குப் போகிறேன் என்று கடைசியாகச் சொன்னது உங்களிடம்தானே. கம்பெனிப் பெயரோ ஊர்ப் பக்கமோ, ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். அக்கா நெற்றியில் பொட்டு வைக்கும்போதெல்லாம் கை நின்று நின்று போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தமிழ்மொழி


மலை முகாம்
18-8-2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். வலது காது பரவாயில்லை, இடது காதை நம்புவதற்கில்லை.

மிஷின் விஷயம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கையை ஆட்டக் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா ஓடட்டும். தூங்கி எழுந்த பிள்ளையை உடனே ஓடச் சொல்வோமா, அதுபோல. மாலையிலும் ஐந்து நிமிடம் ஆறவிட்டு அணைக்க வேண்டும். கிரீஸ் வைப்பதற்கு முன்னால் நிப்பிளைத் துணியால் துடைக்கச் சொல். துடைக்காமல் அடித்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே போய்விடும். அப்புறம் அது கிரீஸ் அல்ல, அரம். பக்கெட்டின் விலாவால் மண்ணைத் தள்ளக் கூடாது. பல் மழுங்கினால் உடனே மாற்றிவிடு. பல்லில் மிச்சம் பிடிக்கப் போனால் அது உட்கார்ந்திருக்கும் தாடை தேய்ந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேல், மிஷின் நடக்கிற செயின். மிஷினில் பாதி விலை அதன் காலில் இருக்கிறது. வெட்டும்போது தேய்வது சம்பாத்தியம், நடக்கும்போது தேய்வது வெறும் நஷ்டம். காலையிலேயே இடத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கே நின்றால் அதிகம் எட்டும் என்று முடிவு செய்ய வேண்டும். சமையல் செய்கிறவள் உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று அலைவாளா? எல்லாம் கைக்கெட்ட வைத்துக்கொண்டு அடுப்பு முன் நிற்பாள் அல்லவா? கூர்க்கல் கிடக்கிற தரையில் அநாவசியமாக ஒரு அடிகூட நடத்தாதே. ஊர் விட்டு ஊர் போனால் டிரெய்லர்தான்.

மாலையில் செயின் இடுக்கில் இருக்கும் சேற்றைக் கம்பியால் தட்டிவிட வேண்டும். பக்கெட்டைத் தரையில் ஊன்றித்தான் நிறுத்த வேண்டும்.

லாரி கிளம்புகிறது. மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அண்ணன்,
அறிவழகன்


அரியலூர்
15-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை ராஜதுரைக்குப் படித்துக் காட்டினேன். "வாத்தியாரு வேலைக்குப் போக வேண்டிய ஆளு அக்கா, உங்க அண்ணன்" என்றார். ஆனாலும் ஒன்றுவிடாமல் அப்படியே செய்கிறார்.

அரியலூருக்கு மேற்கே குடோன் கட்டும் ஓர் இடத்தில் பத்து நாளாக வேலை. அங்கே ஒரு சங்கடம். மாலையில் மிஷினை மேற்கே பார்த்து, பக்கெட்டை ஊன்றி நிறுத்துகிறோம். காலையில் வந்தால் கை கிழக்கே பார்த்து நிற்கிறது. செயின் நகரவில்லை. மேல் உடல் மட்டும் திரும்பியிருக்கிறது. ஊன்றிய பக்கெட் மண்ணைக் கீறிக்கொண்டே போன தடம், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் அரை வட்டமாகத் தெரிகிறது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தோம். ஆனால் ஓடிய மணி காட்டும் மீட்டர் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. சாவி என் கைப்பையில் இருந்தது. இது நான்கு தடவை நடந்துவிட்டது.

பச்சையம்மாள் அக்கா கேட்ட விஷயத்துக்கு நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். அவர் திருப்பூருக்கே ஒரு நடை போய்வந்தார். மூன்று நாள் கம்பெனி வாசல்களில் போட்டோவைக் காட்டியிருக்கிறார்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தமிழ்மொழி


மலை முகாம்
12-10-2024

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

மேல் உடல் சுழலாமல் பிடிப்பதற்கு உள்ளே ஒரு பிரேக் உண்டு. அதன் தட்டு தேய்ந்தால், தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே தானாகத் திரும்பும். சாய்ந்த பெஞ்சில் வைத்த பென்சில் உருளவில்லையா? இதில் பயப்பட ஒன்றுமில்லை. மெக்கானிக்கை வைத்துத் தட்டைப் பார். நிறுத்தும் இடத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, தரை மட்டமா என்றும் பார்.

மாயவன் அண்ணன் திருப்பூர் என்றுதான் சொன்னார். வேறொன்றும் எனக்குத் தெரியாது.

அறிவழகன்


லப்பைக்குடிக்காடு
10-11-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் கடிதம் இந்தத் தடவை மிகவும் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

மெக்கானிக் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார். தட்டு தேயவே இல்லையாம். "புதுசு மாதிரி இருக்குங்க. இத மாத்தச் சொன்னா எனக்குத்தான் பாவம்" என்று திரும்பப் பூட்டிவிட்டார். பிறகு பெரம்பலூரில் பன்னிரண்டு நாள் வேலை. தட்டில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்துத்தான் நிறுத்தினோம். வடக்கே பார்த்து நிறுத்தினால் காலையில் தென்கிழக்கே பார்த்தது. மேற்கே பார்த்து நிறுத்தினாலும் தென்கிழக்குதான்.

இப்போது லப்பைக்குடிக்காட்டில் துபாய்க்காரர் ஒருவரின் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறோம். நேற்று மதியம் மிஷினை ஆறவிட்டு அணைத்தோம். ராஜதுரை சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கை கழுவப் போனார். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன். சிலேட்டில் பலப்பத்தை அழுத்தி இழுப்பதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்தால், பக்கெட் பல் மண்ணைக் கீறிக்கொண்டு நகர்கிறது அண்ணா. இஞ்சின் ஓடவில்லை. உச்சி வெயில். சுவரோரம் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, அவை தலையைக்கூடத் தூக்கவில்லை. தெற்கே பார்த்ததும் நின்றுவிட்டது.

வீட்டுக்காரரின் தாயார் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார். ஏதோ ஓதிவிட்டு, "யா அல்லாஹ், இந்த வண்டி யாரையோ தேடுதும்மா" என்றார். ராஜதுரை சிரித்துச் சமாளித்தார். "சொந்த ஊரு ஞாபகங்க பாட்டி. லீவு குடுத்தா சரியாப்பூடும்." ஆனால் அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. இந்தக் கீறலிலேயே ஒரு செட் பல் பாதியாகத் தேய்ந்திருப்பதை மாலையில் எனக்குக் காட்டினார்.

தமிழ்மொழி


விக்கிரமங்கலம்
15-12-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்களிடமிருந்து இரண்டு லாரிக்குக் கடிதம் இல்லை.

மழைக்காக மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். இங்கேயும் திரும்புகிறது, தெற்கே. பெரியவனின் பள்ளிக்கூட அட்லஸில் நான்கு ஊரிலிருந்தும் அது பார்த்த திசைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நான்கு கோடும் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. நம் ஊருக்குத் தெற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து போவதற்கு முன்னால் நீங்களும் மாயவன் அண்ணனும் கடைசியாக வேலை செய்த சுண்ணாம்புக்கல் பள்ளம் அங்கேதான் இருந்தது.

முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும்.

தமிழ்மொழி


மலை முகாம்
28-12-2024

தமிழ்மொழிக்கு,

மிஷினை விற்றுவிடு. வருகிற விலைக்குக் கொடு. டிரெய்லரில் ஏற்றி வேறு மாநிலத்துக்குப் போகிற ஆளாகப் பார்.

அது எந்தப் பக்கம் பார்த்தது என்று இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

அறிவழகன்


விக்கிரமங்கலம்
12-1-2025

அண்ணனுக்கு,

நலமா என்று நீங்கள் கேட்கவில்லை. நலம்தான்.

ஒரு வியாபாரி வந்தார். டிரெய்லரில் ஏற்றக் கையை மடக்கினோம். மடக்கிய கையோடு மிஷின் தெற்கே திரும்பியது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ராஜதுரை லீவரை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்திருக்க, அவர் கண் முன்னாலேயே திரும்பியது. வியாபாரி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் பள்ளத்துக்குப் போனேன். பள்ளமே இல்லை. மூடி மட்டம் செய்திருக்கிறது. மேலே சீமைக்கருவேல் ஆள் உயரம் நிற்கிறது. கல் எடுத்த பள்ளத்தை யாரும் இத்தனை ஒழுங்காக மூடி நான் பார்த்ததில்லை. ஒரு மேடு பள்ளம் இல்லை. அந்த வேலை யாருடைய கை என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதும்போது பச்சையம்மாள் அக்கா என் எதிரில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். "அண்ணனுக்கா எழுதற? நான் ரொம்ப விசாரிச்சேன்னு போடு. அந்தத் தம்பி நல்ல தம்பி. அவரு போனப்ப எனக்கு அரிசி மூட்டை எறக்கிக் குடுத்துட்டுப் போச்சு" என்கிறார்.

அவரிடம் நான் என்ன சொல்லட்டும் அண்ணா?

தமிழ்மொழி


மலை முகாம்
28-1-2025

தமிழ்மொழிக்கு,

பனியில் பாதை அடைத்துவிட்டது. மார்ச்சுக்கு முன் யாரும் இறங்க முடியாது. இராணுவ வண்டி ஒன்று போகிறது. இந்தக் கடிதம் முதலில் வரட்டும். பாதை திறந்ததும் நான் வந்து போலீசில் சொல்கிறேன். நீ முந்திச் சொன்னாலும் சரி. இதைப் பச்சையம்மாள் அக்காவிடம் படித்துக் காட்டு.

2022 சித்திரை, மதியம். பெர்மிட் இல்லாத பள்ளம் அது. செயின் பின்கள் தேய்ந்து முடிவுக்கு வந்திருந்தன. தரை முழுக்கக் கூர்க்கல். நான் வழக்கம்போல் ஒரே இடத்தில் நின்று, எட்டும் வரைக்கும் சுவரின் அடியைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். மாயவன் அண்ணன் கீழே நின்று இரண்டு கையையும் தள்ளித் தள்ளிக் காட்டினார். பின்னால் போ என்று அர்த்தம். இஞ்சினைத் தணித்தேன்.

"மேல விரிசல் ஓடுதுடா. வண்டியப் பின்னால எடு, அந்தப் பக்கம் சுத்தி வந்து மேலருந்து வெட்டுவோம்" என்றார்.

"இன்னும் நாலே பக்கெட்டுண்ணே. இந்தக் கல்லுல சுத்தி நடந்தா செயின் அறுந்துரும்" என்றேன்.

"செயினுக்குக் குடுக்கற மரியாதையில பாதி எனக்குக் குடேன்டா" என்று சிரித்தார். பக்கெட்டுக்கு இடைஞ்சலாகச் சுவரடியில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. நான் நகர வேண்டாமே என்று அதைப் புரட்டக் கடப்பாரையோடு போனார். நான் அந்த நேரம் பக்கெட்டை லாரியில் கொட்டத் திரும்பியிருந்தேன். திரும்பி வந்தபோது சுவர் இல்லை.

சரிந்த மண்மேல் வண்டியை ஏற்றித் தோண்டினேன். பக்கெட் பல் அவர்மேல் பட்டுவிடுமோ என்று பாதியில் நிறுத்தினேன். கையால் அள்ளினேன். இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பள்ளத்துக்காரர் வந்தார். லாரிக்காரனைத் தனியே கூப்பிட்டுப் பேசி அனுப்பினார். "போனவன் போயிட்டான். நீயும் ஜெயிலுக்குப் போயி மிஷினும் போனா அவன் எந்திரிச்சு வருவானா" என்றார். மாலைக்குள் கரையைச் சரித்துப் பள்ளத்தை மூடினேன். திருப்பூர் என்பது நான் சொன்ன பொய்.

கிழக்குச் சுவரின் அடியில் பாருங்கள். அங்கேதான் இருப்பார்.

அறிவழகன்


விக்கிரமங்கலம்
2-3-2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பச்சையம்மாள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினேன். "முழுசும் படி" என்றார். படித்தேன்.

தாசில்தாரும் போலீசும் முன்னால் நிற்கப் பள்ளத்தைத் திறந்தார்கள். வேறு மிஷின் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். "அந்த வண்டியே எடுக்கட்டும்" என்று அக்கா சொல்லிவிட்டார். ராஜதுரை சொம்பு நீரில் மிதக்கிற வெண்ணெயை வழிப்பதுபோல மேல் மண்ணை வழித்து வழித்து எடுத்தார். இரண்டாம் நாள் பகல் பதினொரு மணிக்கு அவர் கிடைத்தார். நீங்கள் சொன்ன சுவரடியில் இல்லை. கொஞ்சம் தள்ளி இருந்தார். இதைப் பற்றி நான் வேறெதுவும் எழுதவில்லை.

பள்ளத்துக்காரரைப் பிடித்துவிட்டார்கள். உங்களைத் தேடியும் வருவார்கள். அவர்கள் வருவதற்குள் நீங்களே வந்துவிடுங்கள்.

தையில் நடக்க வேண்டிய முகூர்த்தம் வைகாசிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். காரியத்துக்கு வந்து நின்றார்கள்.

மிஷின் இப்போது நிறுத்திய திசையிலேயே நிற்கிறது.

தமிழ்மொழி


விக்கிரமங்கலம்
12-6-2025

அறிவழகன் மாமாவுக்கு,

வினோதினி எழுதுகிறேன். அம்மா சொல்லச் சொல்ல, அம்மா பேசுகிறபடியே எழுதுகிறேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்றார்.

தம்பி, நல்லா இருக்கீங்களா. ஜெயிலுக்கும் கடுதாசி போடலாம்னு தமிழ்மொழி சொல்லுச்சு. நாங்க இருக்கோம். வைகாசி இருபத்தஞ்சுல வினோதினி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. பத்திரிகையில அமரர் மாயவன்னு போட்டோம். எம் பெரியண்ணன் தாரை வார்த்துக் குடுத்தாரு. நான் தூண் ஓரமா நின்னு பார்த்தேன். யாரும் என்னய ஒண்ணும் கேக்கல. மூணு வருசத்துல அன்னைக்கித்தான் யாரும் ஒண்ணும் கேக்கல.

நீங்க திருப்பூருன்னு சொன்னதுக்கு எனக்குக் கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல. நான் போயித் தேடுன கம்பெனி வாசல்ல எல்லாம் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க. அது ஒரு மாதிரி ஓடிப்போச்சு.

தமிழ்மொழி ஒண்ணு உங்களுக்கு எழுதியிருக்காது. அதுக்கு மனசு வராது. நான் பார்த்தேன், நான் சொல்றேன். ரெண்டு பெரிய பலகைக்கல்லு ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, நடுவுல பொந்து மாதிரி இருந்துச்சு. அவரு சுவரடியில இருந்து அந்தப் பொந்துக்குள்ள தவழ்ந்து வந்திருக்காரு. பன்னெண்டு அடின்னு போலீஸ்காரரு டேப்பு வச்சு அளந்தாரு. அன்னைக்கி சரிஞ்ச மண்ணு மேல உங்க வண்டி ஏறி நின்ன எடத்துக்கு நேர் கீழ வரைக்கும் வந்திருக்காரு. கையில கடப்பாரை இருந்துச்சு. தலைக்கு மேல இருந்த கல்லுல வெள்ளை வெள்ளையா இடிச்ச தடம்.

உங்களத் திட்டறதுக்கு இத எழுதல தம்பி. கோர்ட்டுல நான் ஒண்ணும் கூடப் பேச மாட்டேன், கொறச்சும் பேச மாட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். தமிழ்மொழி எனக்குப் படிச்சுக் காட்டுன கடுதாசியில, வண்டிய அணைச்சுட்டுக் கேட்டேன்னு எழுதியிருந்தீங்க.

எவ்வளவு நேரம் கேட்டீங்க?

பதில் போடுங்க. கவருல விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி உள்ள வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
பச்சையம்மாள்